ரிக் வண்டிக்குப் போனவன்

நன்னடத்தை அலுவலர் என்று ஓர் உத்தியோகம் இருக்கிறது. நான் ஏதோ பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுப்பதாகவே என் மாமியார் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை. சிறையில் இருப்பவர்களின் வீட்டுக்குப் போய், “உங்கள் பையன் லீவில் வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா?” என்று கேட்டு அறிக்கை எழுதுகிற வேலை என்று சொல்லியிருந்தால், என்னையே வீட்டில் சேர்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

தண்டனைக் கைதிகளுக்குச் சில வருடங்கள் கழிந்ததும் விடுப்பு உண்டு. வெளியே அதைப் பரோல் என்கிறார்கள், உள்ளே லீவு என்றுதான் பேச்சு. கைதி விண்ணப்பம் போட்டதும் விசாரிக்க இரண்டு பக்கமிருந்து ஆள் போகும். நான் பஸ்ஸில் போவேன். உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து போலீஸ் ஜீப்பில் போகும். நான் வந்துபோனது பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. ஜீப் வந்தது ஊருக்கே தெரியும். சாதாரண உடுப்பில் ஒருவரை டூவீலரில் அனுப்பினால் என்ன குறைந்துபோகும் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். “நீங்க ரொம்ப யோசிக்கறீங்க மேடம்” என்றார் மேலதிகாரி. அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

லீவுக்கு ஆலாய்ப் பறக்கிற அந்த இடத்தில், லீவே கேட்காத ஒருவன் இருந்தான். கிருபாசங்கர். பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்புக் குடும்பத்துப் பையன். ஐ.டி.ஐ. முடித்துக் கோயமுத்தூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். சம்பளம் வாங்கிய ஒரு சனிக்கிழமை, குடித்துவிட்டு வந்த இடத்தில், அறையில் கூடத் தங்கியிருந்தவனோடு வாய்த்தகராறு. கையில் கிடைத்த ஸ்பேனரால் ஓங்கி அடித்துவிட்டான். அடித்தவனே அவனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறான். பிழைக்கவில்லை. செத்தவனும் ஒரு தாய்க்குப் பிள்ளைதான், அதை நான் மறக்கவில்லை, கிருபாசங்கரும் மறக்கவில்லை. கோர்ட்டில் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். அப்போது அவனுக்கு வயது இருபத்து மூன்று.

சிறைக்குப் போகும்போதெல்லாம் தறிக்கூடத்தில் அவனைப் பார்ப்பேன். இரும்பைக் கடைந்து வேலை பழகியவனைப் பெட்ஷீட் நெய்ய உட்கார்த்தி வைத்திருந்தார்கள். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

“ஏன் தம்பி, எல்லாரும் லீவு லீவுன்னு என் உயிரை எடுக்கறாங்க. நீ மட்டும் ஏன் கேக்கறதே இல்லை? வீட்டுல யாரும் இல்லையா?”

“எல்லாரும் இருக்கறாங்க மேடம். அம்மா, அப்பா, தங்கச்சி.”

“பின்னே?”

கையிலிருந்த நூலை முடிச்சுப் போட்டான். “எங்க ஊர்ல நான் ரிக் வண்டிக்குப் போயிருக்கறனுங்க” என்றான்.

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரிகளைத்தான் சொல்கிறான். எங்கள் பக்கத்துப் பையன்கள் அந்த வண்டியில் ஏறினால் மத்தியப் பிரதேசம், ஜார்க்கண்ட், அங்கிருந்து ஆப்பிரிக்கா என்று போய்க்கொண்டே இருப்பார்கள். வருடக்கணக்கில் ஊர்ப்பக்கம் தலைகாட்டாவிட்டாலும் யாரும் வித்தியாசமாக நினைக்கமாட்டார்கள். மகன் சிறைக்குப் போன வாரம், பக்கத்தில் யாரோ விசாரித்ததற்கு அவன் அம்மா தெய்வாத்தாள் வாயில் வந்த பொய் அது. பெண் கல்யாணத்துக்கு நிற்கிறாள், அண்ணன் கொலை வழக்கில் உள்ளே இருக்கிறான் என்றால் எவன் வந்து பெண் கேட்பான்? லீவு கேட்டால் ஜீப் வரும். ஜீப் வந்தால் ரிக் வண்டி போய்விடும். அதனால் அவன் லீவே கேட்கவில்லை.

நான் நேரில் பேசிப் பார்ப்பதென்று தீர்மானித்தேன். முன்கூட்டியே ஃபோன் செய்ததுதான் தாமதம், தெய்வாத்தாள் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நின்றுகொண்டிருந்தார். ஒரு பேக்கரியில் உட்கார்ந்தோம். எனக்கு டீயும் பன்னும் சொன்னார், தனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

“ஊட்டுக்கு மட்டும் வந்துபோடாதீங்க அம்மணி. உங்க காலுல வேண்ணாலும் உழுகறேன்.”

“அவன் உங்க பையன்மா. ஒரு வாரம் வீட்டுல வந்து உங்க கையால சாப்பிட்டுட்டுப் போகட்டுமே.”

“எனக்கு மட்டும் ஆசை இல்லீங்களா? கோகிலா கல்யாணம் முடியட்டுமுங்க. பொறவு நானே லீவு கேக்கச் சொல்றேன்.”

கோகிலவாணியின் கல்யாணம் முடிந்தது. உடுமலைப் பக்கம் மாப்பிள்ளை, தனபால் என்று பெயர், சொந்தமாகப் பால் பண்ணை. அண்ணன் ஆப்பிரிக்காவில் இருப்பதாகச் சொல்லி, தாலி கட்டும்போது அண்ணன் செய்யவேண்டியதைப் பங்காளி வீட்டுப் பையன் செய்தான். அன்றைக்குத் தறிக்கூடத்தில் கிருபாசங்கர் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தானாம். எதற்கு என்று கேட்டவர்களிடம் சும்மா என்று சொல்லியிருக்கிறான். பிறகு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடக்கூடாது என்று லீவு தள்ளிப்போனது. பிறகு கோகிலாவுக்குக் கனிஷ்கா பிறந்தாள், குழந்தைக்கு ஒரு பேச்சு வந்துவிடக்கூடாது என்று மறுபடி தள்ளிப்போனது. தள்ளிப்போடுவதற்குக் காரணமா கிடைக்காது?

மாதம் ஒரு தடவை தெய்வாத்தாள் மனு பார்க்க வருவார். சிறைக்கு வந்து கைதியைச் சந்திப்பதை அப்படித்தான் சொல்வார்கள். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம், நடுவில் நடக்க இடம். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். பெற்ற பிள்ளையிடம் சாப்பிட்டாயா என்று கேட்கக்கூடத் தொண்டை கிழியக் கத்தவேண்டும். அழுவதாக இருந்தாலும் அதே இரைச்சலில்தான் அழவேண்டும். இது போதாதென்று நுழைவாயிலில் ‘சீர்திருத்தம்’ என்று பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு தடவை நான் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். கட்டணக் கழிப்பிடத்திலிருந்து வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மாள் வெளியே வந்தார். நெற்றியை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டே வந்தார். தெய்வாத்தாள். அன்று காலையில்தான் சிறைவாசலில் அவரை நீலச் சேலையும் பொட்டுமாகப் பார்த்திருந்தேன். கையில் இருந்த மஞ்சப்பையில் அந்த நீலச் சேலை தெரிந்தது. 

“எப்போம்மா?” என்றேன்.

“ரெண்டு மாசம் ஆச்சுங்க அம்மணி. நெஞ்சு வலின்னாரு. வண்டி வரதுக்குள்ள போயிட்டாரு.”

“ஒரு ஃபோன் போட்டிருந்தா அவசர லீவு வாங்கியிருப்பேனே. அவனே வந்து அப்பனுக்குக் கொள்ளி வெச்சிருப்பானே.”

“போலீஸோட வருவானுங்களே.”

 வருவான்தான். முன்னே ஒரு துப்பாக்கி, பின்னே ஒரு துப்பாக்கி, நடுவில் மகன். அப்பன் பிணத்துக்கு முன்னால் அப்படித்தான் கொண்டுபோய் நிறுத்துவோம், எள்ளும் தண்ணீரும் இறைத்த கையோடு திருப்பி வண்டியில் ஏற்றுவோம். அந்த அம்மாளின் மேல்தான் முதலில் எனக்குக் கோபம் வந்தது. பெற்றவனுக்குக் கொள்ளி வைக்கவிடாமல் ஒரு மகனை ஏமாற்றுவதா என்று. பஸ் கிணத்துக்கடவைத் தாண்டும்போது அந்தக் கோபம் எங்கள் ஆபீஸ் பக்கம் திரும்பியிருந்தது. புருஷன் செத்தவள் பொட்டு வைத்துக்கொண்டு வந்து மகனிடம் நடிக்கிறாள் என்றால், அதற்கு அவளை யார் கொண்டுவந்து விட்டது?

அடுத்த வாரம் சிறைக்குப் போனேன். எப்படிச் சொல்வது, சொல்லலாமா கூடாதா என்று மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டு அவன் முன்னால் உட்கார்ந்தேன். அவனே ஆரம்பித்தான்.

“அப்பா இல்லீங்கறது எனக்குத் தெரியுமுங்க மேடம்.”

“யார் சொன்னது?”

“யாரும் சொல்லலீங்க. அம்மா ஸ்டிக்கர் பொட்டு வெச்சுட்டு வந்தாங்க. எங்கம்மா எந்நாளும் குங்குமந்தான் வைப்பாங்க. அது இல்லாம கழுத்தைச் சுத்திச் சேலையை மூடிக்கிட்டே நின்னாங்க.” சொல்லிவிட்டு ஒரு தடவை மூக்கை உறிஞ்சினான். “எனக்குத் தெரிஞ்சதை அவங்ககிட்டச் சொல்லிப்போடாதீங்க. பாவமுங்க, அவ்வளவு சிரமப்பட்டுட்டு வாராங்க.”

அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

பதினான்கு வருடம் முடிந்தபோது முன்விடுதலைக்கு அவன் பெயர் குழுவுக்குப் போனது. சிறைக்குள் ஒரு தகராறு, ஒரு தண்டனை கிடையாது. விடுதலையானால் எங்கே போவான், யார் வைத்துக்கொள்வார்கள் என்று பார்த்தார்கள். ஒரு தடவைகூட லீவில் போனதில்லை, அப்பா இறந்ததற்குக்கூடப் போகவில்லை, ஆகவே குடும்ப ஆதரவு இல்லை என்று முடிவுகட்டி நிராகரித்தார்கள். மாதந்தவறாமல் ஒரு தாய் வந்து போவதை நான் எடுத்துச் சொன்னேன். விண்ணப்பம் இல்லை, விசாரணை அறிக்கை இல்லை, பேச்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார்கள். குடும்பத்தின் மானத்துக்காக லீவை விட்டவனுக்குக் குடும்பமே இல்லை என்று தீர்ப்பு. இன்னும் இரண்டு வருடம் கழித்துத்தான் விட்டார்கள். அதற்குள் நானும் ஓய்வு பெற்றுவிட்டேன்.

வாசலில் அவனை அழைத்துக்கொள்ள நான்தான் போயிருந்தேன். தெய்வாத்தாளுக்கு அதற்குள் முழங்கால் போய், பஸ் ஏற முடியாமல் ஆகியிருந்தது. ஃபோனில் பேச வைத்தேன். அழுது முடித்ததும் அந்த அம்மாள் சொன்னதை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

“இப்பவே வந்துபோடாதே கண்ணு. ரிக் வண்டியில இருந்தவன் வெயில்ல கறுத்துப்போயிருப்பான். நீ வெளுத்துப்போயிருப்பே. பாத்ததும் கண்டுபிடிச்சுப்போடுவாங்க. கொஞ்ச நாள் வெயில்ல இருந்துட்டு வா சாமி.”

“சரிங்கம்மா” என்றான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

துடியலூரில் பம்ப் செட் உதிரிபாகம் செய்கிற திருமலைசாமி எனக்குத் தூரத்து உறவு. அவரிடம் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். உள்ளே போய்ப் பார்த்த கிருபாசங்கர் திகைத்து நின்றுவிட்டான். அவன் பழகிய லேத் ஒன்றுகூட இல்லை, எல்லாம் கம்ப்யூட்டர் வைத்த மெஷின்கள். தறி ஓட்டப் பழக்கிய சிறையில் இதைப் பற்றி ஒரு நாள்கூடச் சொல்லித் தரவில்லை. பரவாயில்லை, பொருள் ஏற்றி இறக்கட்டும் என்றார் திருமலைசாமி. நல்ல மனுஷர்தான். ஆனால் பக்கத்துப் பட்டறையில் செம்புக் கம்பி திருடுபோனபோது போலீஸ் நேராக வந்து இவனை அழைத்துக்கொண்டு போனது. கம்பியை எடுத்தவன் வேறு ஆள் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். அடுத்த மாதம் எங்கேயோ வண்டி காணாமல் போனதற்கும் வந்தார்கள். “தம்பி மேல எனக்கு ஒண்ணும் இல்லீங்க அம்மணி, ஆனா வேலை செய்யற பொண்ணுங்க பயப்படறாங்க” என்று திருமலைசாமி என்னிடம் இழுத்தார். அவர் வாயால் போகச் சொல்லும் சங்கடத்தை அவருக்கு வைக்காமல், கிருபாசங்கர் மறுநாள் தானே கிளம்பிவிட்டான்.

காரமடைக்கு அந்தப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் தங்கி வேலை செய்தான். அங்கே யாரும் யாரையும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. தீவன மூட்டை இறக்குவதெல்லாம் வெயிலில். கறுப்பதற்காகவே அவன் தொப்பி போடுவதில்லை. கூட வேலை செய்த பீகார்ப் பையன்களிடம் ஹிந்தியும் கற்றுக்கொண்டான். எப்போதாவது என் வீட்டுக்கு வந்தால் கையை நீட்டிக் காட்டி, “இப்பப் பரவாயில்லீங்களா மேடம்?” என்று கேட்பான். கருங்காலிக் கட்டை மாதிரி இருக்கிறாய், இதற்கு மேல் கறுத்தால் உன் அம்மாவுக்கே அடையாளம் தெரியாது என்று கேலி செய்வேன். வெட்கப்பட்டுச் சிரிப்பான். வருகிற தைக்குப் போய்விடலாம் என்று தாயும் மகனும் பேசி வைத்திருந்தார்கள்.

கார்த்திகையிலேயே தெய்வாத்தாள் போய்விட்டார். தூக்கத்தில் போன உயிர். காலையில் கோகிலா அண்ணனுக்குச் சொல்ல, அவன் என்னைக் கூப்பிட்டான்.

“அம்மா போயிட்டாங்க மேடம். போலாமுங்களா?”

“என்னை எதுக்குடா கேக்கற? கிளம்பு!”

“இல்லீங்க, ஆப்பிரிக்காவிலருந்து ஒரே காலையில எப்படி வந்தான்னு கேப்பாங்களே. தங்கச்சி வாழ்க்கை இருக்குதுங்களே.”

அவனை நான் அப்படித் திட்டினதே இல்லை, அன்றைக்குத் திட்டினேன். டாக்ஸி பிடித்துக்கொண்டு போய்ப் பண்ணையிலிருந்து அவனை ஏற்றிக்கொண்டேன். கையில் சக்கரம் வைத்த புதுப் பெட்டி ஒன்று வைத்திருந்தான். தையில் ஊருக்குப் போவதற்கு வாங்கி வைத்ததாம். வழி முழுக்க அவனுக்கு அதே யோசனை. லீவில் வந்து பெங்களூரில் இறங்கியதாகச் சொல்லலாமா, எந்த நாடு என்று அம்மா ஊரில் சொல்லியிருப்பார், கென்யாவா தான்சானியாவா என்று என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தான். தாயைப் பறிகொடுத்தவன் அழ நேரமில்லாமல் பொய்யைக் கோர்த்துக்கொண்டிருந்தான். 

பந்தலுக்கு முன்னால் வண்டி நின்றது. சங்கு ஊதிக்கொண்டிருந்தார்கள். கிருபாசங்கர் பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கினான். உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். பக்கத்துத் தோப்புக்காரர் வெள்ளியங்கிரி, எழுபது வயதிருக்கும், நேராக வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“வா கண்ணு. உன்னை வெளிய உட்டு வருசத்துக்கு மேல ஆச்சே, இத்தனை நாளா எங்கிருந்தே? இன்னிக்கு வருவே நாளைக்கு வருவேன்னு பாத்துட்டே இருந்தமே.”

“நானுங்க... தான்சானியாவுலருந்து...”

“வேண்டாம் உடு சாமி” என்றார் அவர், மெதுவாக. “உன்னைப் புடிச்ச மறுநாளே போலீஸு ரேஷன் கடையில வந்து அட்ரஸ் விசாரிச்சாங்க. ஊருக்கே தெரியும்.”

கிருபாசங்கர் பெட்டிப் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“தெரிஞ்சு ஏனுங்க ஒரு வார்த்தை சொல்லலை?” என்று நான்தான் கேட்டேன். கேட்டது கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

“அதெப்படீங்க அம்மணி கேக்கறது? அவியளா வாய் தொறந்து சொல்லாதப்ப, உங்க பையன் ஜெயில்ல இருக்கறானான்னு ஒரு பொம்பளைகிட்ட மூஞ்சிக்கு நேரா கேக்க முடியுங்களா? பையன் வண்டியில சௌக்கியமான்னு கேப்போம். சௌக்கியமுன்னு சொல்லுவாங்க. மாசம் ஒருக்கா காரமடைக் கோயிலுக்குன்னு சொல்லிட்டுப் போவாங்க. எங்க போறாங்கன்னு தெரியும், வந்ததும் அவிய குடுக்கற கல்கண்டை வாங்கிக்குவோம். அவிய மனசு நோகக்கூடாதுன்னுதானுங்க.”

கோகிலாவின் புருஷன் தனபால் பக்கத்தில் வந்து நின்றான். “எனக்கும் பொண்ணு பாக்க வரதுக்கு முன்னாலயே தெரியுமுங்க மச்சான். புரோக்கரே சொல்லிட்டாரு. அத்தை நொந்துக்குவாங்கன்னு நான் கேட்டுக்கலை” என்றான்.

இப்படிப்பட்ட மரியாதையை என்னவென்று சொல்வது? ஒரு பக்கம் மூடி வைத்தார்கள். மறுபக்கம் மூடியதைத் திறக்கக்கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் நல்லவர்கள். நடுவில் ஒருவன் பதினாறு வருடத்துக்கு மேல் வீட்டுப்படி மிதிக்காமல் கிடந்தான். யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. என்னைப் போல ஒருத்தி ஒரே ஒரு தடவை துணிந்து இந்த ஊருக்குள் வந்து நாலு பேரிடம் பேச நேரம் வைத்திருந்தால், இரண்டு ஜில்லாவுக்கு ஓர் ஆள் என்று எங்களை ஓடவிடாமல் இருந்திருந்தால், எல்லாம் வேறு மாதிரி போயிருக்கும்.

கிருபாசங்கர் அதுவரை அழவில்லை.  வெள்ளியங்கிரியைப் பார்த்துக் கேட்டான்.

“அப்படீன்னா அப்பாவுக்கு... நான் போலீஸோட வந்திருந்தா?”

“வந்திருந்தா என்ன கண்ணு?” என்றார் அவர். “நீ வருவேன்னுதான அன்னிக்குப் பொழுது உழுகற வரைக்கும் எடுக்காம வெச்சிருந்தோம். எமகண்டம், ராகுகாலம், ஒறம்பரைச் சொந்தமெல்லாம் வரோணும்னு உங்கம்மாகிட்ட என்னென்னமோ சாக்குச் சொன்னோம். மெயின் ரோட்டுல ரெண்டு பேரை நிறுத்தியிருந்தோம், போலீஸு வண்டிக்கு வழி தெரியாமப் போயிரக்கூடாதுன்னு.”

அவன் பந்தலுக்குள் போய் அம்மாவின் காலடியில் உட்கார்ந்தான். அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, அப்பா” என்று கத்தி அழுதான். பெண்கள் எழுந்து அவனைத் தேற்றப் போனார்கள். கொஞ்ச நேரம் அழட்டும் விடுங்கள் என்று வெள்ளியங்கிரி எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார்.